இரண்டாவது பாட்டில்

கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. வலியும் இல்லை, இருமலும் இல்லை. கண்டமாலை, அதாவது கழுத்து நெறிக்கட்டியில் வரும் காசநோய் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். ஒரு மருத்துவமனையில் கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்து, முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஃபார்மலின் சதையை அழுகாமல் காக்கும். அதை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், நடுவே திரிந்த பால் போன்ற சிதைவும் சுற்றிலும் உயிரணுக்கள் திரண்ட முடிச்சுகளும் தெரியும். காசநோயைப் பலமாகச் சந்தேகிக்க அது போதும். ஆனால் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அந்தச் சீவல் சொல்லாது. அதற்கு உயிருள்ள கிருமியோ சிதையாத டிஎன்ஏவோ வேண்டும். ஃபார்மலின் முன்னதைக் கொன்று, பின்னதைச் சிதைத்துவிடுகிறது. அதனால்தான் இன்னொரு துணுக்கு வெறும் சலைனில், அதாவது உப்பு நீரில், போக வேண்டும்.

நுரையீரல் காசநோயில் சளியிலேயே கிருமி நிறைய வரும். நெறிக்கட்டி, முதுகெலும்பு, மூளை உறை, நெஞ்சில் கோத்த நீர் ஆகியவற்றில் கிருமி சொற்பம். சாயமேற்றிப் பார்க்கும்போது ஒரு மில்லியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். ஆகவே, 'கிருமி தென்படவில்லை' என்ற அறிக்கைக்கு நோய் இல்லை என்று பொருளல்ல.

கிருமியை வளர்த்துப் பார்ப்பது நாற்று விடுவதைப் போன்றது. ஆனால் குறுவை நாற்று 25 நாளில் நடவுக்கு வந்துவிடும். இந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரியவே 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கிருமி வளர ஊட்டம் கலந்த திரவக் குழாயில் 42 நாள் வரை காத்திருக்கிறார்கள். குழாயின் அடியில் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை அது ஒளிராது. கிருமி வளர்ந்து ஆக்சிஜனைத் தின்னத் தின்ன, புற ஊதா ஒளியில் மினுங்கத் தொடங்கும்.

ஜீன் எக்ஸ்பர்ட் கருவிக்கு இரண்டு மணி நேரம் போதும். கிருமியின் மரபணுத் துண்டை அது மீண்டும் மீண்டும் இரட்டிக்கிறது. 30 முறை இரட்டித்தால் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் தாக்கும் இடத்தில் மாற்றம் உண்டா, அதாவது அந்த மருந்து கேட்குமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். நெஞ்சு நீரில் மட்டும் இது பலமுறை கோட்டைவிடும்.

கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் பார்த்துக் காசநோய் சொல்லும் சோதனைகளை இந்தியா 2012இல் தடை செய்தது. அவற்றுக்கு யாரும் காசைக் கொட்ட வேண்டாம்.

பெரியம்மாவுக்கு மறுபடியும் ஊசி குத்தி எடுத்தார்கள். இந்த முறை சலைன் பாட்டில். ரிஃபாம்பிசின் கேட்கும் என்று மறுநாள் அறிக்கை வந்தது. அன்றே மாத்திரை தொடங்கினார்கள்.