கம்ப்ளிகேஷன் என்பது பக்க விளைவா?

‘அறுவை சிகிச்சையின் பக்க விளைவுகள்’ என்ற தொடரை நலவாழ்வுக் கட்டுரைகளில் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. குடலைத் தைத்த இடத்தில் கசிவு, காயத்தில் சீழ், காலில் ரத்தக்கட்டு, நிமோனியா, மாரடைப்பு எல்லாமே பக்க விளைவாம். மருத்துவர் கம்ப்ளிகேஷன் என்று சொன்னதை யாரோ அவசரத்தில் இப்படித் தமிழாக்கப் போக, மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

லத்தீனில் ‘பிளிகாரே’ என்றால் மடிப்பது. அதன் முன் ‘சேர்ந்து’ என்ற பொருள் தரும் ‘கொம்’ ஒட்டிக்கொண்டால் ஒன்றோடொன்று மடிந்து பின்னிக்கொள்வது. நோயோ சிகிச்சையோ அதன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்போது வேறொன்று வந்து பின்னிக்கொண்டால், மருத்துவத்தில் அது கம்ப்ளிகேஷன். பிறப்புக் கதை அவ்வளவுதான்.

பக்க விளைவு மருந்துக்கு உரிய சொல். மார்பின் என்ற மருந்து வலியைக் குறைக்கும், கூடவே மலத்தையும் கட்டும். இரண்டுமே அந்த மருந்து உடலில் செய்கிற வேலைதான். நமக்கு வேண்டியதை விளைவு என்கிறோம், வேண்டாததைப் பக்க விளைவு என்கிறோம். தைத்த குடல் கசிவது அப்படியா? தையல் செய்யவேண்டிய வேலை கசிவது அல்ல. நடக்கக் கூடாதது நடந்திருக்கிறது. அதைப் பக்க விளைவு என்று எழுதினால், கத்தி வைத்தால் இதெல்லாம் வரத்தான் செய்யும் என்ற தொனி வந்துவிடுகிறது.

சரி, பக்க விளைவு வேண்டாம், ‘பின்விளைவு’ என்போம் என்று ஒரு கட்சி. இவர்களோடுதான் எனக்கு வழக்கு அதிகம், ஏனென்றால் பார்வைக்குச் சரியாக இருக்கும் தவறு இது. அறுவைக்குப் பின்னால் வருவதால் பின்விளைவு என்கிறார்கள். ஆனால் பின்னால் வருவதெல்லாம் ஒரே இனம் இல்லையே! சூரிச்சைச் சேர்ந்த அறுவை மருத்துவர்கள் டேனியல் டிண்டோவும் பியேர் அலைன் கிளாவியனும் தங்கள் குழுவோடு 2004-இல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இன்று உலகெங்கும் அறுவை ஆய்வுகள் அளவுகோலாக வைத்திருக்கின்றன. 6,336 நோயாளிகளின் விவரங்களை வைத்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின் நேரும் வேண்டாதவற்றை அது மூன்றாகப் பிரிக்கிறது. காலை எடுத்த பிறகு முன்போல் நடக்க முடியாமல் போவது அந்த அறுவையோடு பிறந்த விளைவு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சீக்வெலா. கட்டியில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிட்டால் அது குணமாகாமை. இந்த இரண்டும் போக, தேறிவரும் வழக்கமான போக்கிலிருந்து விலகுவது எதுவோ அதுதான் கம்ப்ளிகேஷன். பின்விளைவு என்ற சொல்லைக் கம்ப்ளிகேஷனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் சீக்வெலாவுக்கு எங்கே போவது? அதற்கொரு புதுச்சொல் அடிப்பார்களா? அடிப்பார்கள், அதுதான் பயம். நான்கு எழுத்தில் முடிகிற விஷயத்துக்கு ‘அறுவைப்பிந்தைய எதிர்பாரா உடல்நிலைப் பிறழ்வு’ என்று ஒன்று வந்து நின்றாலும் வியப்பில்லை.

அந்த நான்கு எழுத்து, சிக்கல். சிக்கு, சிக்கெடுப்பது, சிக்குக் கோலம் என்று நம் வீட்டிலேயே புழங்கும் வேர். பின்னிக்கொள்வது என்ற லத்தீன் பொருளும் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘பிரசவத்துல சிக்கலாயிடுச்சு’ என்று எந்த மொழிபெயர்ப்பாளரையும் கேட்காமல் ஊரே சொல்கிறது. சிக்கல் என்றால் மலச்சிக்கல்தான் நினைவுக்கு வரும் என்று ஒரு ஆட்சேபம் உண்டு. நாகப்பட்டினத்துக்காரருக்குச் சிக்கல் முருகன்கூட நினைவுக்கு வரலாம். அதற்காகச் சொல்லைக் கைவிடுவதா? ‘அறுவைச் சிக்கல்’ என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது.

இது வெறும் சொல் சண்டை என்பவர்களுக்கு ஒரு ஆய்வு. அறுவை மருத்துவர் அமிர் கஃபேரியும் சகாக்களும் 2009-இல் வெளியிட்டது அது. அமெரிக்க மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட 84,730 பேரின் விவரங்களை அலசினார்கள். சாவு மிகக் குறைந்த மருத்துவமனைகளில் நூற்றுக்கு 3.5 பேர் இறந்தார்கள், மிக அதிகமானவற்றில் 6.9 பேர். ஏறக்குறைய இரு மடங்கு. சிக்கலும் இரு மடங்கு இருந்திருக்கும் என்றுதானே தோன்றும்? இல்லை. சாவு குறைந்த பக்கம் 26.9 சதவீதம், அதிகமான பக்கம் 24.6. பெரிய சிக்கல் வந்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்: 12.5-க்கு எதிராக 21.4 சதவீதம். அதாவது சிக்கல் எல்லா இடத்திலும் வருகிறது. சில இடங்களில் நேரத்தோடு கண்டுபிடித்து ஆளைக் காப்பாற்றிவிடுகிறார்கள். காப்பாற்ற முடியாமல் போவதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரைத் தமிழில் ‘காக்கத் தவறல்’ என்று சொல்லலாம். இதைப் போய் ‘பக்க விளைவிலிருந்து காக்கத் தவறல்’ என்று எழுதிப் பாருங்கள், ஏதோ மாத்திரை ஒவ்வாமை போல ஒலிக்கும். சிக்கல் என்றால் அதை அவிழ்க்க ஒருவர் வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘இறப்பு விகிதம்’ என்று எல்லோரும் எழுதுகிறோம். பள்ளிக் கணக்கில் விகிதம் என்றால் இரண்டுக்கு மூன்று என்பது போன்ற ஒப்பீடு. இங்கே நாம் சொல்ல வருவது நூற்றில் எத்தனை பேர் என்பது. சதவீதத்தில் இருக்கும் ‘வீதம்’ எதற்காகக் காத்திருக்கிறது? 30 நாள் இறப்பு வீதம், சிக்கல் வீதம் என்று எழுதலாம். அறுவைக்கு முந்தின நாள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது அந்த வீதமும் வேண்டாம், ‘உங்களைப் போல நூறு பேருக்கு இதைச் செய்தால் இத்தனை பேருக்குச் சிக்கல் வரும்’ என்றாலே போதும்.