உட்கார்ந்த இடத்தில் தெரியாது, தம்பி

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு தம்பி போன வாரம் வீட்டுக்கு வந்தார். திருநகர்க்காரர், வேலை டெக்சாஸில். அங்கேயே பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கி, சனி ஞாயிறுகளில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். காபி ஆறுவதற்குள் கதை வந்துவிட்டது. "எதிர்ல மேகம் சார். சுத்திப் போனா லேட்டாகும்னு நேரா உள்ள விட்டேன். ரெண்டு நிமிஷம்தான். ஒண்ணும் ஆகல."

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது வெளியே எதுவும் தெரியாதபோது மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி, இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். "பிளேன் சாஞ்சா உட்கார்ந்த இடத்துலயே தெரிஞ்சிரும்ல சார்?"

இந்த வருஷம் இதே வசனத்தைச் சொன்ன மூன்றாவது ஆள் இவர். பாதி வாழ்க்கையைச் சின்ன விமானங்களின் வலது பக்க இருக்கையில், பயிற்சியாளராகக் கழித்தவன் நான். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்த இடத்தில் தெரியாது. தெரியவே தெரியாது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் வளைந்து நுழையும்போது பக்கத்து ஆள் தோளில் சரிகிறோம், ஏனென்றால் பஸ் நிமிர்ந்தபடியே வளைகிறது. விமானம் தானும் சாய்ந்துகொண்டு திரும்பும். சரியாகத் திருப்பினால் உங்கள் எடை நேராக இருக்கைக்குள்தான் இறங்கும். டம்ளரில் தண்ணீர் இருந்தால் அதுகூட ஒரு பக்கம் ஒதுங்காது. பாப் ஹூவர் என்ற அமெரிக்க பைலட் விமானத்தை ஒரு முழுச் சுற்று உருட்டிக்கொண்டே சிந்தாமல் டீ ஊற்றிக் காட்டியவர். டீக்கே தெரியாதது நம் இடுப்புக்கு எப்படித் தெரியும்?

"அப்ப காது? பேலன்ஸ் அதுலதானே சார்?" என்றார் தம்பி. சரி என்று என் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தேன். கண்ணை மூடு, எந்தப் பக்கம் சுற்றுகிறாயோ அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டு. மெதுவாக வலது பக்கம் சுற்றினேன். விரல் வலது பக்கம் சாய்ந்தது. அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தேன். இருபது விநாடி ஆவதற்குள் விரல் நிமிர்ந்துவிட்டது, நாற்காலி நின்றுவிட்டது என்று அர்த்தம். நான் நிறுத்தவே இல்லை. பிறகு நிஜமாகவே நிறுத்தினேன், விரல் இடது பக்கம் பாய்ந்தது. அடுப்படி வாசலில் நின்று பார்த்த என் மனைவி சிரித்துவிட்டார். கண்ணைத் திறந்த தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

காதுக்குள் இருக்கும் திரவம் சுழற்சி மாறுவதைத்தான் சொல்லும், சீரான சுழற்சியைச் சொல்லாது. மெதுவாகச் சாய்ந்தால் தொடங்கியதையே சொல்லாது. மேகத்துக்குள் நடப்பது இதுதான். விமானம் சாய்ந்திருக்கும், நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். மூக்கு இறங்கி, விமானம் சுழன்றபடி கீழே போகும். உயரம் காட்டும் அல்டிமீட்டரைப் பார்த்துப் பதறி யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டீயரிங்கை, இழுப்பார்கள். இறக்கையை நேராக்காமல் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். அவ்வளவுதான்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி வைத்து ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 விநாடி. ஒருவருக்கு 20 விநாடியே போதுமாக இருந்தது. தம்பியின் இரண்டு நிமிஷம் 120 விநாடி. மிச்சக் கணக்கை அவரையே போடச் சொன்னேன்.

ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். அது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும், எந்தப் பக்கம் வானம் என்று சொல்லாது. ஆட்டோபைலட்? 1999 ஜூலையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய விமானத்திலும் இருந்தது. அன்று மேகம்கூட இல்லை. கடல் மேல் இருட்டு, புகைமூட்டம், அடிவானம் தெரியவில்லை. அவருக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கிடையாது. விமானத்தில் இருந்த மூவரும் இறந்தார்கள்.

"ஹூட் போட்டு மூணு மணி நேரம் பழகியிருக்கேன் சார்." ஹூட் என்பது வெளியே தெரியாதபடி கண்ணை மறைக்கும் தொப்பி. அமெரிக்காவில் பிரைவேட் லைசென்ஸுக்குக் கட்டாயம் அந்த மூன்று. ரேட்டிங்குக்கு நாற்பது மணி நேரம். மூன்றும் நாற்பதும் ஒன்றா? அதிலும் ஹூட்டில் ஒரு ரகசியம் உண்டு. மீட்டர்கள் இருக்கும் பேனல் மேல் வெயில் நகர்வதை ஓரக்கண்ணால் பார்த்தே விமானம் திரும்புவதைக் கண்டுபிடிக்கும் கில்லாடிகளை நான் பார்த்திருக்கிறேன். மேகத்துக்குள் அந்த வெயில் கிடையாது.

ரேட்டிங் இல்லையா, மேகத்தைத் தொடாதீர்கள். திரும்புவதை மேகத்துக்கு வெளியே இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். தெரியாமல் நுழைந்துவிட்டால் கண்ணை செயற்கை அடிவானத்தில், அதாவது விமானம் சாய்வதைக் காட்டும் மீட்டரில், வையுங்கள், முதலில் இறக்கை நேராகட்டும். அப்புறம் பதினைந்து டிகிரிக்கு மேல் சாய்க்காமல், வந்த வழிக்கே திரும்புங்கள். விநாடிக்கு மூன்று டிகிரி, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த இல்லினாய் சோதனையே இந்தத் திருப்பத்தைக் கற்றுக்கொடுக்கத்தான் நடந்தது. தரையில் இருக்கும் கன்ட்ரோலரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். பக்கத்தில் மனைவி பிள்ளைகளை வைத்துக்கொண்டு "எப்படியும் இன்றைக்கே வீடு போய்விடலாம்" என்று மட்டும் தயவுசெய்து கிளம்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே பறக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மதுரை ஓடுதளத்தில் நின்றால் தரை தட்டை என்றுதான் தோன்றும். வடகிழக்குப் பருவமழையில் சிறுமலை, அழகர்மலை, மேற்கே கொடைக்கானல் மலை எல்லாம் மேகத்துக்குள் போய்விடும். அந்த மேகங்களுக்குள் பாறை இருக்கிறது.

ரேட்டிங் வாங்கினவர்களும் சும்மா இருக்காதீர்கள். ஆறு மாதம் தொடாமல் விட்டால் கண் பேனலில் சுற்றிவருவதை மறந்து ஒரே மீட்டரில் ஒட்டிக்கொள்ளும். என் கண்ணும்தான்.

தம்பி டெக்சாஸுக்குக் கிளம்பும் முன் போன் செய்தார். ரேட்டிங்குக்குப் பயிற்சியாளர் பார்த்துவிட்டாராம், நிஜ மேகத்துக்குள் கூட்டிப்போகிறவரா என்று கேட்டுச் சேருங்கள் என்றேன். அந்த நாற்காலியில் உட்கார வேறு யாராவது வருவதென்றால் ஞாயிறு மாலை வாருங்கள். சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம்.