பொழச்சவங்க மட்டும்தான் கமெண்ட் போடுவாங்க

பாம்புக்கடி பத்தி எந்த குரூப்ல பேச்சு வந்தாலும் சரிங்க, கொஞ்ச நேரத்துல ஒருத்தர் வந்துருவாரு. "எங்க அப்புச்சிய கரும்புக்காட்டுல நல்லபாம்பு கடிச்சுப்போட்டுது, பச்சிலை அரைச்சு குடுத்தாங்க, அதுக்கப்புறம் முப்பது வருசம் கல்லாட்டம் இருந்தாரு, இதுக்கு என்னங்க டாக்டர் சொல்றீங்க?"

என்னத்தைங்க சொல்றது. அப்புச்சி பொழச்சது நெசம், பச்சிலை குடிச்சதும் நெசம். ரெண்டுக்கும் நடுவுல இவரு ஒரு முடிச்சு போடறாரு பாருங்க, சிக்கலே அங்கதான்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில வேலை பாக்கறவன். வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சுன்னா காடு தோட்டமெல்லாம் ஆளுக எறங்குவாங்க, எலி வரும், எலிக்குப் பின்னாடி பாம்பு வரும், அதுக்குப் பின்னாடி எங்களுக்கு டூட்டி வரும். டூட்டி முடிஞ்சு வந்து ஃபோனை எடுத்து வெச்சுட்டு முகம் தெரியாத ஆளுககூட இதுக்காக மல்லுக்கட்டறதப் பாத்து வூட்ல "வேற சோலி இல்லீங்களா"ன்னு கேக்கறாங்க, அதுவும் நியாயம்தான்.

அப்புச்சி கதைய நான் பொய்னு சொல்றதே இல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், கடிச்ச பாம்பை யாருங்க பாத்தது? பாதி சண்டை அங்கயே நின்னுரும். நம்ம பக்கம் கண்ணுல படற பாம்புல முக்காவாசிக்கு வெசமே கெடையாது. சாரை, தண்ணிப்பாம்பு, அப்புறம் கடிச்சுட்டு மரத்து மேல ஏறி சுடுகாட்டுல பொகை வருதான்னு பாக்கும்னு சொல்லுவாங்களே அந்த கொம்பேறிமூக்கன், பாவம் அதுவும் வெசமில்லாததுதான். ஆளைக் கொல்றதுல பெரும்பங்கு நாலு பாம்புக்குத்தான்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை. அதுகளுமே சில சமயம் பல்லு பதிச்சும் வெசத்த எறக்காம போயிரும், நாங்க ட்ரை பைட்னு சொல்லுவோம். அப்படின்னா வெறும் பச்சத்தண்ணி குடுத்து உக்கார வெச்சிருந்தாக்கூட நெறைய பேரு பொழச்சிருப்பாங்க, அன்னைக்கு கையில எது இருந்துச்சோ அதுக்கு பேரு போயிரும், பச்சிலை இருந்தா பச்சிலைக்கு, மந்திரம் போட்டிருந்தா மந்திரத்துக்கு, பாம்புக்கல்லு வெச்சிருந்தா கல்லுக்கு.

அதனால எத்தனை பேரு பொழச்சாங்கங்கறத விட்டுட்டு, வெசம் ஏறினவங்கள்ல இதக் குடுத்தும் செத்தவங்க எத்தனை பேருன்னு கேக்கணுமுங்க. அந்தக் கணக்க எந்த பச்சிலை வைத்தியரும் எழுதி வெக்கறதில்ல. செத்தவங்க வூட்டுக்காரங்களும் குரூப்ல வந்து "எங்களுக்கு கேக்கல"ன்னு போடறதில்ல, விதின்னுட்டு போயிருவாங்க. இந்தியாவுல இந்தக் கணக்கு ரொம்ப நாளா தப்பாவே இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருந்த சாவு கம்மி. அப்புறம் வூடு வூடா போய் "உங்க வூட்ல யாரு எறந்தாங்க, எப்படி எறந்தாங்க"ன்னு கேட்டு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, அத வெச்சுப் பாத்தா 2000லேர்ந்து 2019 வரைக்கும் சுமார் 12 லட்சம் பேரு, வருசத்துக்கு சராசரி 58,000. பெரும்பாலானவங்க ஆஸ்பத்திரிக்கு வெளியவே போயிட்டாங்க. தமிழ்நாட்டுல 2024 நவம்பர்லதான் பாம்புக்கடிய கட்டாயம் அரசுக்கு தெரிவிக்க வேண்டிய பட்டியல்ல சேத்தாங்க, இனிமேலாச்சும் எண்ணிக்கை வரும்.

இன்னொருத்தர் "இங்கிலீஸ்காரன் வந்துதான் நம்ம மருந்தெல்லாம் அழிச்சான்"னு ஆரம்பிப்பாரு. பேட்ரிக் ரஸ்ஸல்னு ஒரு டாக்டரு, சோழமண்டலக் கரைப் பாம்புகள பத்தி 1796ல புஸ்தகம் போட்டாரு, கண்ணாடிவிரியனுக்கு இங்கிலீஸ்ல அவரு பேருதான். அப்ப தஞ்சாவூர் மாத்திரைன்னு ஒண்ணு பாம்புக்கடிக்கு ரொம்ப பேமஸ். அந்தாளு அத அழிக்கல, கேலியும் பண்ணல, எடுத்து சோதிச்சுப் பாத்தாரு. கேக்கல. உள்ள என்ன இருந்துச்சுன்னா ஆர்சனிக், அதான் பாஷாணம். அதே மாதிரி "கம்பெனிக்காரன் சதி"ங்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், வெசமுறிவு மருந்து தயாரிக்கறதுக்கு வெசம் எடுத்துக் குடுக்கறது யாருங்கறீங்க, மாமல்லபுரத்துக்கு பக்கத்துல வடநெம்மேலியில இருளர் சனங்க 1978லேர்ந்து நடத்தற கூட்டுறவு சங்கம். அந்த வெசத்த குதிரைக்கு கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி அது ரத்தத்துலேர்ந்து எடுக்கறதுதான் மருந்து. பாம்பைப் புடிக்கற அந்த அறிவ விட நாட்டு அறிவு வேற எங்கங்க இருக்குது?

ஆனா ஒருத்தர் ஒரு நாள் கேட்டாரு பாருங்க, பேரு கூட தெரியாது, டிபில முருகன் படம். "சரிங்க டாக்டர், அதே கேள்வி உங்க மருந்துக்கும்தானே? ஊசி போட்டவங்கள்லயும் பாதிப் பேருக்கு வெசமே ஏறியிருக்காது, அவங்க பொழச்சத நீங்க உங்க கணக்குல எழுதிக்கலீங்களா?" சூப்பர் கேள்விங்க. இப்படிக் கேக்கற ஆளு எதிர்ல இருந்தா ராத்திரி முழுக்க பேசலாம். எல்லாரும் அவரை "டாக்டருக்கே பாடம் எடுக்கறியா"ன்னு ஏறிட்டாங்க, நான்தான் அவர விடுங்கன்னேன்.

பதில் என்னன்னா, கடிச்சுருச்சுன்னு வர்ற எல்லாருக்கும் நாங்க அந்த ஊசி போடறதில்ல. வெசம் ஏறினதுக்கு அறிகுறி இருக்கோணும். கண்ணாடிவிரியன், சுருட்டை கடிக்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்குது, புது கண்ணாடி ட்யூப்ல 2 எம்எல் ரத்தம் எடுத்து 20 நிமிசம் அசைக்காம வெப்போம், சாச்சுப் பாத்தா ஒறைஞ்சிருக்கணும். ஒறையாம தண்ணியா ஓடுச்சுன்னா வெசம் ரத்தத்துல ஏறிருச்சு. மருந்து போட்டு ஆறு மணி நேரம் கழிச்சு அதே மாதிரி எடுத்துப் பாப்போம், பெரும்பாலும் ஒறைய ஆரம்பிச்சிருக்கும், இல்லைன்னா மறுபடி மருந்து. இதுல நான் சொல்றத நம்ப வேண்டியதே இல்ல, பக்கத்துல நின்னா நீங்களே பாக்கலாம். பச்சிலைக்கும் இதே மாதிரி ஒறையாத ரத்தம் ஒறைஞ்சுதுன்னு காட்டுனா நானும் ஒத்துக்கறேன்னு எழுதினேன்.

எங்க மருந்து எதுல நிக்காதுங்கறதயும் அதோடயே சேத்து எழுதினேன். வால்பாறை மாதிரி மலைக்காட்டுல இருக்கற குழிவிரியனுக்கு அது கேக்கும்னு ஆதாரம் இல்ல. சிலருக்கு மருந்தே அலர்ஜி ஆகும். கட்டுவிரியன் கடிச்சு லேட்டா வந்தா மருந்து மட்டும் போதாது, வென்டிலேட்டர்ல வெச்சுத்தான் காப்பாத்தணும். இதையெல்லாம் மறைச்சுப் பேசினா அடுத்த கமெண்ட்ல அவங்களே தோண்டி எடுத்துப் போடுவாங்க, அப்புறம் நான் சொன்ன நல்லதும் சேந்து போயிரும்.

எனக்கு பயமே அந்தக் கட்டுவிரியன்தானுங்க. ராத்திரி தரையில படுத்திருக்கறவங்களத்தான் கடிக்கும், வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்லுத் தடம் கூட தெரியாது. வெடியக்காலம் வவுத்துவலின்னு எந்திரிப்பாங்க, கண்ணு இமை தானா எறங்கும், பேச்சு கொழறும். அந்த நேரத்துல வேப்பிலையோ சிறியாநங்கையோ குடுத்து கசக்குதான்னு கேப்பாங்க. கசந்தா வெசம் இல்லையாம், தூங்குன்னு படுக்க வெச்சுருவாங்க. வெசம் ஏறினா நாக்குல கசப்பு தெரியாதுங்கறதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. இந்த கசப்பு டெஸ்ட்ட யாராச்சும் குரூப்ல போட்டா மட்டும் டூட்டியா இருந்தாலும் உடனே போய் பதில் போட்டுருவேன், மத்த சண்டை காத்துட்டிருக்கட்டும்.

கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வெச்சு உறிஞ்சாதீங்க. மோதிரம், வளையல், கொலுசு கழட்டிருங்க, கடிச்ச கைய காலை அசையாம வெச்சு 108க்கு போன் பண்ணுங்க, இல்ல எந்த வண்டி இருக்குதோ அதுல வெசமுறிவு மருந்து இருக்கற அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. பாம்பை அடிச்சு பையில போட்டு கொண்டுட்டு வர வேண்டாம், தூரமா நின்னு போட்டோ எடுக்க முடிஞ்சா போதும். கடிச்ச நேரத்த மட்டும் பாத்து வெச்சுக்கோங்க, உள்ள வந்ததும் நாங்க அதத்தான் மொதல்ல கேப்போம்.