நடுக்கத்துக்கு 'விலகல்' என்று பெயரா?

பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் சுவரில் குடிநோய் பற்றிய சுவரொட்டி ஒன்று. 'மது விலகல் அறிகுறிகள் தென்பட்டால் உடனே மருத்துவரை அணுகவும்' என்றது. பாவு நூல் இறக்க வந்த பெரியவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "விலகுகிறான் என்றால் நல்லதுதானுங்களே, டாக்டர் எதற்குங்க?" என்று என்னைக் கேட்டார். சுவரொட்டி சொல்ல வந்ததோ, குடியைச் சட்டென நிறுத்தினால் உடம்பு படும் பாட்டை. எனக்குச் சுவரொட்டி எழுதியவர்மேல்தான் கோபம் வந்தது.

மூலம் ஆங்கில 'வித்டிராயல்'. 'வித்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'எதிராக' என்று பொருள்; 'டிரா' என்றால் இழு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போதைப் பழக்கம் பற்றிய மருத்துவப் பேச்சுக்குள் இது வந்தது. பின்னுக்கு இழுக்கப்பட்டது போதை மருந்து, ஆள் அல்ல.

நம் மொழிபெயர்ப்பாளர் ஆளை விலக்கிவிட்டார். விலகு தன்வினை, விலக்கு பிறவினை. ஐந்தாம் வகுப்பு இலக்கணம். மூட்டு விலகும், மேகம் விலகும், கெட்ட சகவாசத்திலிருந்து பையன் விலகுவான். 'மது விலகல் அறிகுறி' என்றால் குடியிலிருந்து ஆள் மீண்டுவருவதன் அடையாளம் என்றுதான் யாரும் படிப்பார்கள். சரி, 'விலக்கல்' என்று திருத்தலாமா? 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்ததிலிருந்து 'மதுவிலக்கு' சட்டத்தின் சொல்லாகிவிட்டது. சேலத்துக்காரரிடம் 'மது விலக்கல்' என்றால் கடையை மூடப்போகிறார்களா என்று கேட்பார்.

இது வெறும் சொற்சண்டை அல்ல. நாள்தோறும் குடிப்பவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். மது சட்டென நின்றால் வேகம் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. சிலருக்கு முதல் 2 நாளுக்குள் வலிப்பு. 2, 3 நாளில் குழப்பம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது. கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். தைப்பூசத்துக்கு மாலை போட்டு அன்றே குடியை விட்டவர் மூன்றாம் நாள் உளறினால், பழனிக்குப் போகும் வழியில் சாமி குற்றம் ஆகிவிட்டது என்று வீட்டில் திருநீறு பூசுகிறார்கள். அவர்களிடம் போய் 'விலகல்' என்றால்?

'நிறுத்தல் உபாதை' என்பது என் கட்சி. நிறுத்தியதால் வருவது, படுத்துவது: இரண்டும் சொல்லிலேயே இருக்கின்றன. உபாதை வடசொல் ஆயிற்றே என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் 'நிறுத்தல் நோவு' என்று எழுதட்டும், சண்டையில்லை. தூய்மைக்காகப் புரியாத சொல்லைச் சுவரில் ஒட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. சென்ற மாதம் கைக்கு வந்த துண்டறிக்கையில் 'திரும்பப் பெறுதல் அறிகுறிகள்' என்று அச்சாகியிருந்தது. குடிகாரர் வேட்புமனு தாக்கல் செய்திருந்தார் போலும்.