பின்வாசலில் குளம், பிள்ளைக்கு நீச்சல் தெரியாது

மார்த்தாண்டம் பக்கத்தில் குழந்தைகள் மருத்துவராகப் பல வருஷம் ஆகிறது. தடுப்பூசி அட்டையைப் பார்த்து முடித்ததும் நான் கேட்கிற அடுத்த கேள்வி, "பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?" பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். "குளம் வீட்டுக்குப் பின்னாலதான் டாக்டரே, ஆனா நாங்க விடமாட்டோம்."

விடாத பிள்ளைதான் ஒருநாள் சொல்லாமல் போகிறது.

ஒரு சனிக்கிழமை மதியம் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். எட்டு வயசுப் பையன். நகக்கண் முழுக்கப் பச்சைப் பாசி, படிக்கல்லைப் பிராண்டியிருக்கிறான். பத்தடி தள்ளி அவன் அக்கா துணி அலசிக்கொண்டிருந்திருக்கிறாள். "சத்தமே போடல டாக்டரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உண்மைதான். மூழ்குகிற பிள்ளை கத்துவதில்லை. வாய் மேலே வருகிற நொடி மூச்சு இழுக்கவே போதாது. கையும் தண்ணீரை அமுக்கத்தான் போகுமே தவிர, நம்மைக் கூப்பிட வராது. கரையில் அவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றி, வயிற்றை அமுக்கியிருக்கிறார்கள். அவனுக்கு வேண்டியிருந்தது காற்று. மூச்சில்லாத பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதவேண்டும். அசைவில்லை என்றால் நெஞ்சை முப்பது முறை அழுத்தி, இரண்டு முறை ஊதி, 108 வரும்வரை அப்படியே தொடரவேண்டும். அவனுக்கு அதைச் செய்ய அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிழைக்கவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. குளங்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையைத் திறப்பார்கள். மே மாதம் முழங்கால் அளவு தண்ணீரில் விளையாடிய அதே சானலில் (பாசனக் கால்வாயில்), அதே நம்பிக்கையோடு பிள்ளைகள் ஜூனிலும் குதிக்கிறார்கள். குளத்திலும் மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறதென்று மேலே நின்று பார்த்தால் தெரியாது.

பாட்டிமார் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தியவர்கள். வீட்டுக்குள் குழாய் வந்தது, அம்மாக்கள் படித்துறைக்குப் போவதை விட்டார்கள். இப்போது பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, நீச்சல் குளத்துக்குக் காசு கட்டி எத்தனை பேரால் அனுப்ப முடியும்? தேவையும் இல்லை. வங்கதேசத்தில் ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டி, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியிருக்கிறார்கள். அங்கே இலக்கு 25 மீட்டர் நீந்துவதும் 30 நொடி மிதப்பதும்தான். நமக்கும் அது போதும். பட்டர்ஃபிளை கற்று என்ன செய்ய?

ஓடாத தண்ணீர், பிள்ளையின் நெஞ்சளவு ஆழம், அடி தெரிந்த தரை, குறுக்கே ஒரு கயிறு, கையெட்டும் தூரத்தில் பழகிய பெரியவர். ஆறு வயசிலிருந்து ஆரம்பிக்கலாம். அதற்கும் சின்னதுகளுக்கு வேலியும் கண்ணெதிரே ஓர் ஆளும்தான் காவல், நீச்சலை நம்பக்கூடாது. கடல் இந்தக் கணக்கிலேயே வராது. 2024 மே மாதம், காற்றில்லாமலே திடீரென்று பேரலை எழும் கள்ளக்கடல் நேரத்தில், நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் இறந்த ஐந்து பேரும் மருத்துவ மாணவர்கள்.

போன வருஷம் எங்கள் ஊர்க் குளத்தில் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவர் இப்படி ஒரு வகுப்பு நடத்தினார். பெண்பிள்ளை தண்ணீரில் விழுந்தால் சுடிதாரோடுதான் விழும் என்பதால் சுடிதாரோடே பழக்கினார். கூட்டாளி மூழ்கினால் பின்னால் குதிக்காமல் துவர்த்தையோ (துண்டையோ) காலி எண்ணெய் கேனையோ வீசவும் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் பேத்தியை விட வந்த ஒரு பாட்டி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். "கழுத்த விடு மக்களே, காத நனைய விடு" என்று பேத்தியின் முதுகுக்கடியில் ஒரு கையைக் கொடுத்து நின்றார்.