ப்ராசஸ் ப்ரையாரிட்டி: முன்னுரிமைன்னா வேகமா?

டாஸ்க் மேனேஜர்ல போய் ஒரு ப்ரோக்ராமுக்கு ப்ரையாரிட்டிய "ஹை"ன்னு மாத்தி விட்டா அது வேகமா ஓடும்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. பல நேரம் ஒரு மாற்றமும் தெரியாது. ஏன்னு புரியணும்னா சொல்லுலருந்தே ஆரம்பிக்கணும்.

லத்தீன்ல ப்ரியோர்னா முந்தினதுன்னு அர்த்தம், ப்ரையாரிட்டி அதுலருந்து வந்தது. தமிழ்ல முன்னுரிமை, முன்னாடி போறதுக்கான உரிமை, அவ்ளோதான். சில பேர் "முக்கியத்துவம்"னு எழுதறாங்க, எனக்கு அது சரியாப் படல, ஏன்னா எந்த வேலை முக்கியம்னு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும், ரெண்டு வேலை ஒரே கோருக்குப் (ப்ராசஸருக்குள்ள தனியா வேலை செய்யற ஒரு பகுதி) போட்டி போடும்போது யார முன்னாடி விடணும்னுதான் அது பாக்குது. போட்டியே இல்லன்னா இந்த உரிமைக்கு வேலையே இல்ல. 8 கோர் இருக்கற மெஷின்ல 3 த்ரெட்தான் (ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடற வேலைத்தொடர்) ஓடுதுன்னா ஆளுக்கு ஒரு கோர் கிடைச்சிடும், அங்க "ஹை"ன்னு வச்சாலும் "லோ"ன்னு வச்சாலும் பெருசா ஒண்ணும் மாறாது.

விண்டோஸ்ல லெவல் 0லருந்து 31 வரை, நார்மல்னா 8, ஹைன்னா 13. தயாரா நிக்கறதுல பெரிய நம்பர் உள்ள த்ரெட்தான் முதல்ல போகும். லினக்ஸ்ல கணக்கே வேற. அங்க "நைஸ்"னு ஒரு அளவு, -20லருந்து 19 வரைக்கும், நம்பர் ஏற ஏற முன்னுரிமை குறையும். தலைகீழா இருக்கேன்னு தோணும், ஆனா மத்தவங்களுக்கு எவ்ளோ விட்டுக்கொடுக்குதுங்கறதுதான் அந்த நம்பர், அதனால தமிழ்ல "விட்டுக்கொடுப்பு அளவு"ன்னு சொன்னா குழப்பம் வராது. நைஸ் 0 உள்ள வேலைக்கு எடை, அதாவது நேரத்த பங்கு போடற விகிதம், 1024, நைஸ் 5க்கு 335, ரெண்டும் ஒரே கோர்ல விடாம ஓடினா நேரம் கிட்டத்தட்ட 75க்கு 25ன்னு பிரியும். பின்னாடி இருக்கறவனும் பட்டினி கிடக்க மாட்டான்.

இப்படி யாருக்கு எப்போன்னு முடிவு பண்றதுதான் ஷெட்யூலிங். லத்தீன்ல ஸ்கெடுலான்னா துண்டுச்சீட்டு, அதுலருந்து வந்ததால "அட்டவணையிடல்"னு மொழிபெயர்க்கறாங்க. ஆனா அட்டவணைன்னா முன்னாடியே எழுதி வச்சது, ஷெட்யூலரோ சில மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை புதுசா முடிவெடுக்குது. "முறைவைப்பு"ன்னா நல்லா பொருந்தும், உன் முறை என் முறைன்னு நாம பேசறதுதானே. இன்னொரு சிக்கல், ப்ராசஸருக்கு "செயலி"ன்னு சொல்லிட்டு இருந்தோம், இப்போ ஆப்புக்கும் அதையே சொல்றோம். அதனால ப்ராசஸருக்கு நுண்செயலின்னு எழுதறதுதான் பாதுகாப்பு.

இனி ஹைப்பர்த்ரெட்டிங், அதாவது ஒரே கோர் ஒரே நேரத்துல ரெண்டு த்ரெட்ட ஓட்டறது. த்ரெட்டுக்கு "இழை" அழகா பொருந்துது, இதுக்கு "மீயிழையாக்கம்"னு வச்சுக்கலாம். இன்டெல் 2002ல ஜியான் சர்வர் சிப்லயும் அப்புறம் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4லயும் இத கொண்டு வந்தது. ஒரே கோர்ல ரெண்டு இழைக்கும் ரெஜிஸ்டர் (கைல வச்சிருக்கற மதிப்புக்கான சின்ன இடம்) தனித்தனி, ஆனா கணக்குப் போடற யூனிட்டும் கேஷும் (சிப்புக்குள்ளயே இருக்கற வேகமான தற்காலிக மெமரி) பொது. ஆபரேட்டிங் சிஸ்டம் பாக்கறப்ப ரெண்டு ப்ராசஸர் மாதிரி தெரியும், ஆனா ரெண்டு மடங்கு வேலை நடக்காது, நல்லா ஒத்துவர்ற வேலைக்கு 30 சதவீதம் வரைக்கும் கூடும்னுதான் இன்டெலே அப்போ சொல்லுச்சு.

முன்னுரிமை அடிவாங்கற இடமே இதுதான். ஒரே கோரோட ஒரு பாதில உங்க ஹை ப்ரையாரிட்டி வேலை, மறுபாதில ஏதோ லோ ப்ரையாரிட்டி வேலைன்னு ஓடினா, ஷெட்யூலர் கணக்குப்படி ரெண்டுக்கும் இடம் இருக்கு, போட்டியே இல்ல. ஆனா உள்ள ரெண்டும் ஒரே கேஷுக்கு முட்டிக்குது, ஷெட்யூலர் வச்ச நம்பர் இன்டெல் சிப்புக்குத் தெரியவே தெரியாது, அதனால லோ வேலை ஹை வேலைய தாராளமா மெதுவாக்கும். ஐபிஎம் 2004ல பவர்5 சிப்ல இழைக்கு ஹார்ட்வேர்லயே 8 முன்னுரிமை நிலை வச்சாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் அது.

விண்டோஸ் 2000க்கு முழு கோருக்கும் பாதி கோருக்கும் உள்ள வித்தியாசமே தெரியாது, பக்கத்துல முழு கோர் சும்மா இருந்தாலும் ஒரே கோரோட ரெண்டு பாதிலயும் வேலைய ஏத்திடும். எக்ஸ்பிலருந்து முழுசா காலியா இருக்கற கோர முதல்ல தேடுது. லினக்ஸ்ல லேட்டன்சி (தாமதம்) பிரச்சனை உள்ள வேலைனா டாஸ்க்செட்ங்கற கமாண்ட வச்சு அத ஒரு கோர்ல கட்டிப்போட்டு, அதோட ஜோடிப் பாதில வேற எந்த வேலையும் வராம பாத்துக்கோங்க, நைஸ் -20 வச்சுட்டு சும்மா உக்காந்திருந்தா பத்தாது.