அமெரிக்காவில் சின்ன பீர் ஆலை: அரசு தரும் பயிற்சியும் கேட்கும் காகிதங்களும்

வீட்டில் காய்ச்சிய பீரை ஒரு வாய் குடித்துவிட்டு நண்பர் ஒருவர் சொல்வார்: "இதைக் கடையாவே போட்டுடலாம்ப்பா." அமெரிக்காவில் பல கிராஃப்ட் பீர் ஆலைகளின், அதாவது சின்ன அளவில் தனிச் சுவையோடு காய்ச்சும் ஆலைகளின், கதை இப்படித்தான் தொடங்குகிறது. அந்தப் பேச்சை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய தொழில் ஆலோசனை அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதைத் தேடிப் போகிறார்கள்.

வீட்டில் காய்ச்சுவது வரைக்கும் தொல்லை இல்லை. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, வயது வந்த ஒருவர் தன் வீட்டுக்காக ஆண்டுக்கு 100 கேலன் (சுமார் 378 லிட்டர்) பீர் காய்ச்சலாம். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். மத்திய வரி கிடையாது. ஆனால் விற்கக் கூடாது, ஒரு கிளாஸ்கூட. விற்க நினைத்த நிமிடமே நீங்கள் வேறு சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள்.

கலிபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் என்பவர் 1976-இல் நியூ அல்பியன் என்ற ஆலையைத் தொடங்கினார். பழைய பால் பண்ணைப் பாத்திரங்களை வாங்கி, தானே வெட்டி ஒட்டிக் கட்டியது. இன்றைய கிராஃப்ட் பீர் அலைக்கு முன்னோடி என்று இதைத்தான் சொல்வார்கள். பீருக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் ஆலையின் அளவு சிறியது. பெரிதாக்கப் பணம் புரளவில்லை. 1982-இல் மூடிவிட்டார். சுவையில் குறை இல்லாமலும் ஆலை சாகலாம் என்பதற்கு அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம் இது.

இப்படிச் சாகாமல் இருக்க வேண்டிய பணக் கணக்கைக் கற்றுத் தரத்தான் எஸ்பிஏ என்ற மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம் சில அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து நடத்துகிறது. எஸ்பிடிசி எனப்படும் சிறுதொழில் வளர்ச்சி மையங்கள் நாடு முழுவதும் உண்டு, பெரும்பாலும் பல்கலைக்கழகங்களை ஒட்டி. ஆலோசனை இலவசம், வகுப்புகளுக்குச் சில இடங்களில் சிறிய கட்டணம் இருக்கும். ஸ்கோர் என்ற அமைப்பு 1964-இலிருந்து இருக்கிறது. தொழில் நடத்தி அனுபவப்பட்டவர்கள் தன்னார்வலர்களாக வழிகாட்டுவார்கள், அதுவும் இலவசம். பெண்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் தனி மையங்கள் இருக்கின்றன.

அங்கே போனால் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மாதவாரியாக வரவு செலவு போடச் சொல்வார்கள். ஒரு பேரல் என்பது 31 கேலன், அதாவது 117 லிட்டர். அதில் 16 அவுன்ஸ் பிடிக்கும் பைன்ட் கிளாஸ் 248 வரும். புதிதாக வருபவர் 248-ஐ விலையால் பெருக்கி மகிழ்ந்துபோவார். நுரையில் போவது, குழாய் கழுவும்போது சாக்கடையில் ஓடுவது, ருசி பார்க்கக் கொடுப்பது, ஒரு தடவை புளித்துப்போய் மொத்தமாகக் கொட்டுவது என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பெருக்கச் சொல்வதுதான் ஆலோசகரின் வேலை. பனி கொட்டும் ஜனவரியில் எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேட்பார். என்னைக் கேட்டால், இந்த ஒரு கேள்வியே அந்த ஆலோசனையின் முக்கால்வாசிப் பயன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: தொழில் தொடங்க எஸ்பிஏ மானியம் தருவதில்லை. தருவதாகச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால் ஓடிவிடுங்கள். கடனுக்கு வழி உண்டு. மைக்ரோலோன் திட்டத்தில் 50,000 டாலர் வரை, வங்கி கொடுத்து எஸ்பிஏ உத்தரவாதம் நிற்கும் 7(ஏ) திட்டத்தில் 50 லட்சம் டாலர் வரை. கடன் கொடுப்பவர் முதலில் கேட்பது மேலே சொன்ன அந்த மாதக் கணக்கைத்தான். கடன் வாங்குபவரின் குடியுரிமை பற்றிய விதியை 2025-இல் இறுக்கியிருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே எச்-1பி விசாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: பங்குப் பணம் போடுவது வேறு, சொந்த ஆலையில் இறங்கி வேலை செய்வது வேறு. அந்த விசா, உங்களுக்காக விண்ணப்பித்த நிறுவனத்தில் வேலை பார்க்க மட்டும்தான். வழக்கறிஞரைக் கேட்காமல் மால்ட் (முளைகட்டிய தானியம்) மூட்டையைத் தூக்க வேண்டாம்.

காய்ச்சும் கலையைச் சம்பளத்தோடு கற்க, தொழிலாளர் துறையில் பதிவுபெற்ற அப்ரென்டிஸ் பயிற்சி ஒரு வழி. பொதுவாகக் குறைந்தது 2,000 மணி நேர வேலைப் பயிற்சி, ஆண்டுக்கு 144 மணி நேர வகுப்பு என்பது அதன் அளவு. தகுதியுள்ள முன்னாள் ராணுவத்தினர் தங்களுக்கான ஜிஐ பில் என்ற கல்விச் சலுகையையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

அப்புறம் உரிமம். மத்திய அரசில் இதைப் பார்ப்பது டிடிபி, அதாவது மது மற்றும் புகையிலை வரி, வணிகப் பணியகம். 'ப்ரூவர்ஸ் நோட்டீஸ்' என்ற விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புதல் வாங்காமல் விற்பனைக்கு ஒரு சொட்டுக்கூடக் காய்ச்ச முடியாது. கட்டணம் இல்லை. ஆனால் முகவரி, கட்டட வரைபடம், பணம் எங்கிருந்து வந்தது, உரிமையாளர்களின் பின்னணி, கழிவுநீர் எங்கே போகிறது எல்லாம் எழுத வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்குள் ஆலை கூடாது என்பது விதி. படகிலும் கூடாது என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள். எவரோ முயன்றிருப்பார் போல.

சிக்கல் இங்கேதான். விண்ணப்பத்துக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் போட்டால் வாடகை ஓடும். ஒப்புதல் வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை வருமானம் பூஜ்ஜியம். ஆகவே ஒப்பந்தத்திலேயே, உரிமம் வரும்வரை வாடகைச் சலுகை, கிடைக்காவிட்டால் விலகும் உரிமை என்று இரண்டு வரி சேர்க்கக் கேட்டுப் பாருங்கள். ஆலோசனை மையத்துக்குக் கையெழுத்துக்கு முன்பே போகச் சொன்னது இதற்காகத்தான்.

வரியைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. ஆண்டுக்கு 20 லட்சம் பேரலுக்கு மேல் போகாத உள்நாட்டு ஆலைக்கு முதல் 60,000 பேரல் வரை மத்திய கலால் வரி பேரலுக்கு 3.50 டாலர். 2018-க்கு முன் 7 டாலராக இருந்தது. தற்காலிகமாகக் குறைத்ததை 2020 டிசம்பரில் நிரந்தரமாக்கினார்கள். 500 பேரல் விற்றால் ஆண்டுக்கு 1,750 டாலர். பைன்ட்டுக்குப் பார்த்தால் ஒன்றரை சென்ட்டுக்கும் குறைவு. ஆண்டு வரி 50,000 டாலரைத் தாண்டாது என்றால் 2017-இலிருந்து பிணைப் பத்திரமும் வேண்டாம்.

இஞ்சி, கொத்தமல்லி விதை, பட்டை, தேன், காபி போன்றவை போட்டுக் காய்ச்சத் தனியாகச் செய்முறை ஒப்புதல் வாங்கத் தேவையில்லை. வழக்கத்தில் இல்லாத பொருள் என்றால் வாங்க வேண்டும்.

மாநில உரிமம் தனி. ஆலையிலேயே ஊற்றி விற்கலாமா, கடைகளுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாமா, விநியோகஸ்தர் வழியாகத்தான் போக வேண்டுமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் ஒரு விநியோகஸ்தரோடு கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு அவரை மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கல்யாணத்தைவிட இதை யோசித்துச் செய்யுங்கள் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பாதி விளையாட்டாகச் சொல்வார்கள்.

இத்தனையும் மலைப்பாக இருந்தால், வேறு ஆலையில் கூலிக்குக் காய்ச்சித் தரச் சொல்லி உங்கள் பெயரில் விற்கும் வழியும் உண்டு. அப்போது ப்ரூவர்ஸ் நோட்டீஸ் காய்ச்சுகிற ஆலையின் பொறுப்பு. உங்களுக்கு மொத்த வியாபாரி அனுமதி தேவைப்படும். லாபம் குறையும், ஆனால் தொட்டியும் வாடகையும் உங்கள் தலையில் விழாது. சொந்த ஆலை என்றால் இன்னொன்று: சிறிய ஆலைகள் காலாண்டுக்கு ஒருமுறை டிடிபிக்கு உற்பத்தி அறிக்கை அனுப்ப வேண்டும். மூன்று மாதம் அடுப்பே பற்றவைக்கவில்லை என்றாலும் பூஜ்ஜியம் போட்டு அனுப்ப வேண்டும்.